கடலோரத்திலிருந்து இமயமலைக்கு: கைடு இருந்தும் செய்யும் தவறுகள்

"காசு கட்டியாச்சு, கைடு இருக்கார், அப்புறம் என்ன?" இமயமலை ட்ரெக்கிங்குக்குக் கிளம்பும் புதுச்சேரி, கடலூர்க்காரர்களிடம் கேட்கும் பேச்சு இது. கைடுக்கு வழி தெரியும், வானிலை தெரியும். உங்களுக்குத் தலை வலிக்கிறதா என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

நாம் கடல் மட்டத்து ஆட்கள். கடலூரில் கேப்பர் மலையும் பேருக்குத்தான் மலை. சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் இங்கிருப்பதில் பாதிதான். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்கு உடம்பு முரண்டு பிடிக்கும். நேற்றுவரை பீச் ரோட்டில் நடந்தவர், விமானத்தில் போய் லடாக்கில் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் இறங்கி, மறுநாளே ஏறத் தொடங்குவது ஆபத்து. இரண்டு நாளாவது அங்கே சும்மா இருக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. 3, 4 நாளுக்கு ஒரு முறை ஓய்வு நாள் வேண்டும். பேக்கேஜ் விலையைக் கேட்கும் முன் ஒவ்வொரு கேம்ப்பின் உயரத்தையும் கேட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளைக் குறைத்து விலையைக் குறைத்தவரிடம் நான் போகமாட்டேன்.

ஆரோவில் மராத்தான் ஓடியவருக்கும் இதில் சலுகை கிடையாது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோயை உடல்வலு தடுக்காது. வலுவானவர் வேகமாக ஏறிவிடுவதால் சீக்கிரமே மாட்டிக்கொள்வதும் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு மறைப்பது. தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமை எல்லாம் சேர்ந்து, முந்தின ராத்திரி குடித்தவரின் காலை போல இருக்கும். கைடு மேலே விடமாட்டாரோ என்று பயந்து, வலி மாத்திரை போட்டுச் சமாளிக்கிறார்கள். அதே நிலையில் இன்னும் மேலே போனால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கலாம். குதிகாலும் விரலும் ஒட்ட அடி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். கைடு இறங்கச் சொன்னால் பேரம் பேசாதீர்கள். ட்ரெக்கிங் முடிந்த மறுநாளே ஊர் திரும்ப டிக்கெட் போட்டு வைத்தவர்கள்தான் அதிகம் பேரம் பேசுவார்கள். அதனால் கையில் இரண்டு நாள் கூடுதலாக இருக்கட்டும்.

மலைநோயைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். முதல் மாத்திரையை ஊரிலேயே மருத்துவர் சொல்லும்படி போட்டுப் பார்ப்பது நல்லது.

பாண்டியில் விலை மலிவு என்று பையில் ஒரு பாட்டிலைச் செருகும் பழக்கமும் உண்டு. குளிருக்கு ரம் என்பது சுத்தப் பொய். தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடு ஏறியது போலத் தெரியும். உண்மையில் உடம்பின் வெப்பம் வெளியே போகும். தூக்கத்தில் மூச்சும் மந்தமாகும்.

பயிற்சிக்கு வருவோம். கடற்கரையில் எத்தனை நடை நடந்தாலும் ஏற்ற இறக்கம் பழகாது. புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் செஞ்சி இருக்கிறது. ராஜகிரிக் கோட்டைப் படிகளில் முதுகுப்பையோடு ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் முக்கியம், தொடையும் முட்டியும் அப்போதுதான் அடி வாங்கும். புது ஷூவையும் இங்கேயே பழக்கிவிடலாம். கால் நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

பருத்தி பனியனும் ஜீன்ஸும் நம் வெயிலுக்குச் சரி. மலையில் வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் எலும்பைத் தொடும்.

லடாக்கில் நம்மூர் ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.