டெல்லா, எச்.பி.யா? பங்கு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

இந்த இரண்டு கம்பெனிகளையும் நான் முதலில் ஒப்பிட்டது தப்பாகப் போயிற்று. தப்பு எங்கே என்று பிடிபட இரண்டு வாரம் ஆனது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அமெரிக்கப் பங்கு வாங்குவதற்கான கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பெயரைப் பாருங்கள்

பழைய ஹியூலெட் பேக்கார்ட் 2015 நவம்பர் 1 அன்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. லேப்டாப், பிரிண்டர் விற்பது எச்.பி. இன்க், பங்குச் சந்தைக் குறியீடு எச்.பி.க்யூ. சர்வர் விற்பது ஹியூலெட் பேக்கார்ட் எண்டர்பிரைஸ். அதன் குறியீடு எச்.பி.இ. நாம் பார்க்கப் போவது முதலாவதை.

படி 2: ஆண்டறிக்கையை எடுங்கள்

10-கே என்று பெயர். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். இரண்டு கம்பெனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஆப்களை நான் தொடுவதில்லை. கோடு போட்ட நோட்டும் பேனாவும் போதும். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

படி 3: ஆண்டுகளை ஜோடி சேருங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

எச்.பி.யின் நிதியாண்டு அக்டோபர் 31-இல் முடிகிறது. டெல்லின் நிதியாண்டு ஜனவரி கடைசியை ஒட்டி வரும் வெள்ளிக்கிழமை முடிகிறது. எந்த ஆண்டில் முடிகிறதோ அந்த ஆண்டின் பெயரைத்தான் வைப்பார்கள். அப்படியானால் டெல்லின் '2024 நிதியாண்டு' 2024 பிப்ரவரி 2-இலேயே முடிந்துவிட்டது. எச்.பி.யின் '2024' அதற்குப் பிறகும் ஒன்பது மாதம் ஓடியது.

பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நான் '2024'-ஐயும் '2024'-ஐயும் ஒரே வரியில் எழுதினேன். டெல்லின் விற்பனை 10,230 கோடி டாலரிலிருந்து 8,840 கோடிக்கு இறங்கியிருந்தது. எச்.பி. 5,370 கோடியிலிருந்து 5,360 கோடி. கிட்டத்தட்ட அசையவே இல்லை. டெல் சரிகிறது, எச்.பி. தாக்குப்பிடிக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

எச்.பி.யின் 2024-க்குச் சரியான ஜோடி, 2025 ஜனவரி 31-இல் முடிந்த டெல்லின் '2025'. அதில் விற்பனை 9,560 கோடி டாலர், அதாவது சுமார் 8 சதவீத ஏற்றம். ஒரு வரி மாற்றி எழுதியதும் முடிவே தலைகீழானது. அதனால் நோட்டில் ஆண்டின் பெயரை எழுதாதீர்கள். கணக்கு முடிந்த தேதியை எழுதுங்கள்.

படி 4: காசு எதிலிருந்து வருகிறது?

மஞ்சக்குப்பத்தில் என் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது பிரிண்ட் மங்கலாக விழுந்தது. டோனரை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் நாலு குலுக்கு குலுக்கி மறுபடி சொருகினார். இன்னும் ஐம்பது பக்கம் வருமாம்.

"ஒரிஜினல் டோனர் வாங்குறதில்லையா சித்தப்பா?"

"மிஷினோட வந்தது தீர்ந்ததுக்கு அப்புறம் எல்லாம் ரீஃபில்தாண்டா. அந்த விலைக்கு யாரு வாங்குறது?"

எச்.பி. பங்கின் பலமும் ஆபத்தும் இந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. 2024-இல் அதன் விற்பனையில் பிரிண்டர் பிரிவின் பங்கு மூன்றில் ஒன்றுதான். பிரிவுவாரி லாபத்தில் பாதிக்கு மேல் தந்தது அந்தப் பிரிவுதான். மையும் டோனரும்தான் அங்கே சம்பாத்தியம். ரீஃபில் பெருகினாலும், தாளில் அச்சடிப்பது குறைந்தாலும் அடி அங்கேதான் விழும்.

டெல் கதை வேறு. 2025 நிதியாண்டில் கம்ப்யூட்டர் பிரிவு 4,840 கோடி டாலர், சர்வரும் ஸ்டோரேஜும் சேர்ந்த பிரிவு 4,360 கோடி. லாபம் அதிகம் வந்தது இந்த இரண்டாவதில். ஏஐ சர்வர்களுக்கான தேவை நிற்குமா, தொடருமா என்பதுதான் டெல் வாங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. லேப்டாப் எது நன்றாக இருக்கிறது என்பதை வைத்து இந்தப் பங்குகளைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

படி 5: புத்தக மதிப்பை விட்டுவிடுங்கள்

இந்த இரண்டு அறிக்கைகளிலும் பங்குதாரர் மூலதனம் மைனஸில் இருக்கும். சொத்திலிருந்து கடன்களைக் கழித்த மீதி அது, புத்தக மதிப்பு என்பதும் அதுதான். பயந்துவிட வேண்டாம். எச்.பி. பல வருடமாகத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிவருகிறது. டெல் 2016-இல் ஸ்டோரேஜ் கம்பெனியான இ.எம்.சி.யை வாங்கப் பெரிய கடன் வாங்கியது, 2021-இல் தன்னிடமிருந்த மென்பொருள் கம்பெனியான வி.எம்.வேரைப் பிரித்துவிட்டது. விலைக்கும் புத்தக மதிப்புக்குமான விகிதம் இங்கே எதையும் சொல்லாது. பணப்புழக்க அறிக்கையில் தொழிலிலிருந்து வந்த பணத்தையும், அதற்கு எதிரே கடனையும் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டு நான் டெல் வாங்கினேன், சிறிய தொகைக்கு.

பிற்சேர்க்கை

இதைப் படித்த புதுச்சேரி நண்பர் ஒருவர் டிவிடெண்ட் குறைவாக வந்திருக்கிறதே என்று கேட்டார். அமெரிக்காவிலேயே 25 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். அதை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கென்று உள்ள படிவத்தையும் போட வேண்டும்.

இன்னொன்று: வருமான வரி ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்.ஏ. என்ற பகுதியில் இந்தப் பங்கைக் காட்டியாக வேண்டும். ஒரே ஒரு பங்காக இருந்தாலும் சரி. அங்கே ஏப்ரல்-மார்ச் கணக்கு செல்லாது, ஜனவரி-டிசம்பர்தான். 2024-25 நிதியாண்டு ரிட்டர்ன் என்றால் 2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை எப்போதாவது கையில் இருந்தவை. 2025 பிப்ரவரியில் வாங்கியது அடுத்த ரிட்டர்னில்தான் வரும்.