மூடுவதற்கு முன் பாருங்கள்: வீட்டைப் புதுப்பிக்கும்போது ஒப்பந்தக்காரருடன் பணியாற்றும் முறை

புது வீடு கட்டும்போது அஸ்திவாரம் முதல் கூரை வரை எல்லாமே நம் கண்ணெதிரே எழும்புகின்றன. குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்கும்போது நிலைமை வேறு. பூச்சுக்குப் பின்னால் சுவர் எந்த நிலையில் இருக்கிறது, தரைக்கடியில் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது, முன்பு வேலை செய்தவர்கள் எதை அப்படியே மூடிவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் உடைத்துப் பார்க்கும்வரை வீட்டுக்காரருக்கும் தெரியாது, ஒப்பந்தக்காரருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு முன்கூட்டியே விலை பேசிவிடுவதும், தெரிந்த பிறகு அதை எழுதிக்கொள்ளாமல் விடுவதும்தான் பல மனத்தாங்கல்களுக்குக் காரணம். திறந்த சுவரும் தரையும் சில நாட்களில் மீண்டும் மூடப்பட்டுவிடும் என்பதால், ஒப்பந்தம், பணம், மேற்பார்வை ஆகிய மூன்றையும் ஒரே கேள்வியைச் சுற்றி அமைத்துக்கொள்ளும்படி நான் பரிந்துரைக்கிறேன்: இது மூடப்படுவதற்கு முன் யார் பார்ப்பார்கள், எப்படிச் சோதிப்பார்கள், எங்கே பதிவு செய்வார்கள்?

ஆளைத் தேடுவதற்கு முன்

என்ன வேலை வேண்டும் என்பதை அறை வாரியாக எழுதுங்கள். 'குளியலறையைப் புதுப்பிக்க வேண்டும்' என்ற ஒரு வரிக்கு ஐந்து பேர் ஐந்து விதமாக விலை சொல்வார்கள். அந்த விலைகளை ஒப்பிடுவதில் பயனில்லை. பழைய தரையை முழுவதுமாகப் பெயர்ப்பதா, அதன் மேலேயே ஒட்டுவதா, குழாய்களை மாற்றுவதா, நீர்க்கசிவுத் தடுப்பு புதிதாகச் செய்வதா, டைல்ஸ் எந்த உயரம் வரை வர வேண்டும், கதவு, கண்ணாடி, விளக்கு ஆகியவற்றை யார் வாங்குவது என்று பிரித்து எழுதினால், அந்தத் தாளே பின்னர் ஒப்பந்தத்தின் முதல் பக்கமாகிவிடும்.

சுவரில் ஈரம் ஊறியிருந்தாலோ, வெள்ளை உப்புப் படிந்து பூச்சு பொரிந்திருந்தாலோ, அதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பட்டியலின் முதலில் வையுங்கள். ஈரம் கூரையிலிருந்து இறங்கலாம், தரையிலிருந்து ஏறலாம், சுவருக்குள் கசியும் குழாயிலிருந்து பரவலாம். காரணத்தை விட்டுவிட்டு மேலே பூசும் எந்தப் பூச்சும் நிலைக்காது. ஒரு சுவரை இடிக்கவோ, அதில் வாசல் திறக்கவோ நினைத்தால், அது பாரம் தாங்கும் சுவரா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து எழுத்தில் சொல்ல வேண்டும். அனுபவமுள்ள மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்லும் கருத்தை மதிக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இடிக்கக் கூடாது. பழைய வீடுகளில் இன்னும் ஒரு கவனம் தேவை. பழைய கூரைத் தகடுகள், குழாய் உறைகள், சில வகைத் தரை ஓடுகள் ஆகியவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் அவற்றை உலர்ந்த நிலையில் உடைக்கவோ தேய்க்கவோ விடாமல், முதலில் பரிசோதனை செய்யுங்கள். அந்தத் தூசி வேலையாட்களின் நுரையீரலுக்கும் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் கேடு செய்யும்.

ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே பட்டியலைக் குறைந்தது மூன்று பேரிடம் கொடுத்து மதிப்பீடு கேளுங்கள். அவர்கள் அண்மையில் முடித்த வேலை எல்லாமே பளபளப்பாகத்தான் தெரியும். அதைவிட, ஓரிரு ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த ஒரு குளியலறையையும் ஒரு மழைக்காலம் கண்ட மொட்டைமாடியையும் பார்ப்பது அதிகம் சொல்லும். அந்த வீட்டாரிடம் 'வேலை நன்றாக இருந்ததா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'முடிந்த பிறகு ஒரு குறை வந்தபோது கூப்பிட்டதும் வந்தாரா' என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டில் அன்றாடம் நின்று வேலை வாங்கப்போவது யார், அவர் ஒரே சமயத்தில் வேறு எத்தனை இடங்களைப் பார்த்துக்கொள்கிறார் என்பதும் தெரிய வேண்டும். பேசிப் பழகியவர் ஒருவராகவும் வேலையிடத்தில் நிற்பவர் வேறொருவராகவும் இருப்பது இந்தத் தொழிலில் வழக்கமே.

மிகக் குறைந்த விலையைப் பார்த்தால் அதில் எது விடுபட்டிருக்கிறது என்று தேடுங்கள். இடிபாட்டை அகற்றுதல், சாரம், உடைத்த இடத்தைச் சுற்றிப் பூசிச் சரிசெய்தல், இருக்கும் தரையையும் கதவுகளையும் மூடிப் பாதுகாத்தல், அனுமதிக் கட்டணம், வரி ஆகியவைதான் பெரும்பாலும் விடுபடும்.

விலை பேசும் முறை

வேலை முழுவதற்கும் ஒரே தொகையாகப் பேசுவது, அளவுக்கு இவ்வளவு என்று பேசுவது, பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்து கூலி மட்டும் பேசுவது என்று மூன்று வழிகள் உள்ளன. சீரமைப்புக்கு இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது சரியல்ல என்பது என் கருத்து. கண்ணுக்குத் தெரியும், அளக்கக்கூடிய வேலைகளுக்கு மொத்தத் தொகை பேசலாம். உடைத்த பிறகே அளவு தெரியும் வேலைகளுக்கு, அதாவது பழைய பூச்சைப் பெயர்த்தல், துருப்பிடித்த கம்பிகளைச் சுத்தம் செய்து கான்கிரீட்டைச் சரிசெய்தல், குழாய் மாற்றுதல் போன்றவற்றுக்கு, அலகு விலையை மட்டும் இப்போதே முடிவு செய்துவிட்டு, அளவை இரு தரப்பும் சேர்ந்து பின்னர் எடுத்துக்கொள்வதே நேர்மையான வழி. ஒப்பந்தக்காரரை மொத்தத் தொகைக்கு வற்புறுத்தினால், அவர் பயத்தில் அதிகம் போட்டுவிடுவார், அல்லது குறைவாகப் போட்டுவிட்டு இடையில் தரத்தைக் குறைப்பார். அளக்கும் முறையையும் எழுதுங்கள்: கதவு, ஜன்னல் திறப்புகளைக் கழிப்பதா, சுவரோரப் பட்டையை நீளக் கணக்கில் எடுப்பதா, வெட்டி வீணாகும் டைல்ஸ் யார் கணக்கு என்பன சிறியவையாகத் தோன்றினாலும் கடைசிப் பில் வரும்போது பெரிதாகிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் அப்பால், திட்டமிட்ட செலவில் 10 முதல் 20 சதவீதம் வரை கையிருப்பாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். வீடு எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு இது 20 சதவீதத்தை நெருங்க வேண்டும்.

பணத்தைப் பிரித்துக் கொடுத்தல்

தேதியைப் பார்த்துப் பணம் கொடுக்காமல், முடிந்து சோதிக்கப்பட்ட கட்டத்தைப் பார்த்துக் கொடுங்கள். ஆட்களை இறக்கி முதல் தவணைப் பொருள் வாங்கப் போதுமான அளவே முன்பணம் இருக்கட்டும். அதன் பின், இடிப்பும் அகற்றலும் முடிந்ததும் ஒரு தவணை, குழாயும் மின்கம்பியும் பதித்துச் சோதித்ததும் ஒரு தவணை, நீர்க்கசிவுத் தடுப்பு சோதனையில் தேறியதும் ஒரு தவணை, பூச்சும் தரையும் முடிந்ததும் ஒரு தவணை என்று பிரிக்கலாம். 5 முதல் 10 சதவீதத்தைப் பிடித்தமாக வைத்து, ஒப்புக்கொண்ட காலம் கழித்து விடுவிப்பது பல இடங்களில் உள்ள நடைமுறை. எந்த நாளிலும் நீங்கள் கொடுத்த பணத்தைவிட முடிந்த வேலை சற்று முன்னால் இருக்க வேண்டும்.

அதே அளவு அக்கறையோடு இதையும் சொல்ல வேண்டும்: கட்டம் முடிந்து சோதனையும் தேறிவிட்டால், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் தவணையை நம்பித்தான் அவர் அன்றைய கூலியைக் கொடுக்கிறார். நாள் தவறாமல் பணம் வரும் வீட்டுக்குத் தேர்ந்த ஆட்கள் தொடர்ந்து வருவார்கள்; இழுத்தடிக்கும் வீட்டிலிருந்து நல்ல கொத்தனார்தான் முதலில் வேறு இடத்துக்குப் போவார்.

மறையப்போகும் வேலைகள்

உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இந்த இடத்தில் செலவிடுங்கள். வண்ணம் சரியில்லை என்றால் மீண்டும் அடிக்கலாம். டைல்ஸுக்கு அடியில் கசியும் ஓர் இணைப்புக்காக முடிந்த தரை முழுவதையும் உடைக்க நேரும்.

குழாய்களையும் மின்குழாய்களையும் பதிக்கச் சுவரில் காடி (நீளமான பள்ளம்) வெட்டும்போதே பார்வை தொடங்க வேண்டும். செங்கல் சுவரில் செங்குத்தான காடியின் ஆழம் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைமட்டக் காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. கிடைமட்ட வெட்டு சுவரைக் குறுக்கே பலவீனப்படுத்துவதால்தான் அதற்கு இவ்வளவு கண்டிப்பு. தூணிலும் உத்தரத்திலும் பொறியாளர் சொல்லாமல் எந்த வெட்டும் கூடாது. இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகவே எழுதிவிடுங்கள்.

தண்ணீர்க் குழாய்களைப் பதித்ததும், முனைகளை அடைத்து, அழுத்தமானியுடன் கூடிய பம்பால் வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு வரை ஏற்றி, ஒப்புக்கொண்ட நேரம் வரை முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தம் ஏற்றிய நேரத்தையும் முள்ளின் நிலையையும் படமெடுத்துக்கொண்ட பிறகே பூச்சு வரலாம். மின்வேலையில் ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பியின் தடிமன், நில இணைப்பு, மின்கசிவுத் தடுப்புக் கருவி ஆகிய மூன்றையும் கேட்டுப் பாருங்கள். உயிர்ப் பாதுகாப்புக்கான கசிவுத் தடுப்புக் கருவி பல நாடுகளில் 30 மில்லியாம்பியர் அளவில் பொருத்தப்படுகிறது; சில நாடுகள் இன்னும் குறைந்த அளவைக் கேட்கின்றன. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் சோதித்து எழுதிக் கொடுக்கும் தாள் இங்கே அவசியம்.

குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு தரையோடு நிற்காமல் சுவரிலும் ஏற வேண்டும். தண்ணீர் நேராக விழும் பகுதியில் அது ஆள் உயரம் வரை போக வேண்டும். பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து, தரையில் சில சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, சுவரில் அந்த மட்டத்தைப் பென்சிலால் குறித்து, 24 முதல் 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழ்த்தளத்தின் மேற்கூரையிலும் பக்கத்து அறையின் சுவரிலும் ஈரம் தோன்றுகிறதா என்று பார்ப்பதும் இந்தச் சோதனையின் பகுதிதான். அவசரத்தில் பல வேலைகளில் தவிர்க்கப்படும் சோதனை இதுவே. இதற்காக வேலை இரண்டு நாள் நின்றால் நிற்கட்டும். தரையின் சரிவு மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை வடிகாலை நோக்கி இருக்கிறதா என்பதை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே ரசமட்டம் வைத்து உறுதிசெய்யுங்கள்.

இவற்றுக்குப் பிறகு, ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவைப் பிடித்தபடி படமெடுங்கள். தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் குழாய் எவ்வளவு தூரத்தில் போகிறது என்பது படத்தில் படிக்கும்படி இருக்க வேண்டும். பிற்காலத்தில் அலமாரி மாட்டத் துளையிடும்போது இந்தப் படங்கள் உதவும்.

காலமும் அவசரமும்

சிமென்ட் வேலைகளில் சில நாட்களைச் சுருக்கவே முடியாது. கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஆகவே குறைந்தது 7 நாட்கள் ஈரம் போகாமல் வைத்திருக்க வேண்டும். அதன் வலிமையை 28-ஆம் நாளில் அளப்பதும் இந்த வினை மெதுவாக நடப்பதால்தான். மரத்தரை போடுவதாக இருந்தால், அடியிலுள்ள சிமென்ட் சமன் தளம் 5 சென்டிமீட்டர் தடிமன் வரை நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதமே உலரும். ஈரமானியால் பார்க்காமல் மேலே மரம் பதித்தால் அது உப்பும். புதுப் பூச்சின் மேல் உடனே வண்ணம் அடித்தால், அதிலுள்ள ஈரமும் காரத்தன்மையும் வண்ணத்தை உரித்துவிடும். ஒப்பந்தக்காரர் தரும் கால அட்டவணையில் இந்தக் காத்திருப்பு நாட்கள் தனி வரிகளாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த வரிகள் இல்லாத அட்டவணை வேலையை விரைவுபடுத்துவதில்லை, தரத்திலிருந்து நாட்களை எடுத்துக்கொள்கிறது.

உங்கள் பக்கத்துத் தாமதமும் உண்டு. டைல்ஸ், குழாய்த் திருகுகள், கழுவுதொட்டி ஆகியவற்றைச் சுவர் வெட்டுவதற்கு முன்பே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், ஏனெனில் குழாயின் மையமும் உயரமும் அவற்றின் அளவைப் பொறுத்தவை. டைல்ஸை 10 சதவீதம் கூடுதலாக, ஒரே உற்பத்தித் தொகுதியிலிருந்து வாங்குங்கள். பின்னர் வாங்கும் பெட்டியின் நிறம் சற்று மாறியிருக்கும்.

மாற்றங்களும் பேச்சும்

வேலை நடக்கையில் மனம் மாறுவது இயல்பு. மாற்றம் என்ன, அதற்குக் கூடுதலாகவோ குறைவாகவோ எவ்வளவு, எத்தனை நாள் தள்ளிப்போகும் என்ற மூன்றையும் எழுதி, இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே கை வைக்கச் சொல்லுங்கள். கைபேசியில் ஒரு செய்தியாக அனுப்பி, 'சரி' என்ற பதில் வந்தால்கூடப் போதும். நின்ற இடத்தில் 'இதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்' என்று சொல்லிவிட்டு, கடைசியில் அதற்கு விலை கேட்டால் வருந்துவது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

வீட்டின் சார்பில் ஒருவர் மட்டும் பேசட்டும். அவர்கள் பக்கத்திலும் ஒருவரிடமே சொல்லுங்கள். கொத்தனாரிடமும் உதவியாளரிடமும் நேரடியாக உத்தரவிட்டால், வேலைக்குப் பொறுப்பானவர் யார் என்பது குழம்பிவிடும். வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து வேலையிடத்தைச் சுற்றிப் பார்த்து, அடுத்த வாரம் எவை மூடப்படப்போகின்றன என்று கேட்டு, அந்த நாட்களில் நீங்கள் இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தவறு கண்ணில் பட்டால் அன்றே சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை. வரைபடத்தையும் அளவு நாடாவையும் வைத்துப் பேசினால் போதும். ஒத்துவராவிட்டால், அந்தப் பகுதிக்கான பணத்தை மட்டும் நிறுத்தி, ஏன் என்று எழுத்தில் தெரிவித்து, இருவரும் ஏற்கும் பொறியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தப் பணத்தையும் நிறுத்தினால் வேலையும் மொத்தமாக நின்றுவிடும்.

ஒப்படைக்கும்போது

பகல் வெளிச்சத்தில், பொருட்களை உள்ளே கொண்டுவருவதற்கு முன், அறை அறையாகச் சென்று குறைப்பட்டியல் எழுதுங்கள். டைல்ஸை மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் அடியில் கலவை இல்லாத இடம் வெற்றொலி தரும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து வடிகால் தாங்குகிறதா என்று பாருங்கள். எல்லாக் கதவுகளையும் மூடித் திறங்கள். ஒவ்வொரு மின்முனையையும் சோதியுங்கள். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தேதி குறித்து இருவரும் கையெழுத்திட்ட பிறகு, கடைசித் தவணையைக் கொடுக்கலாம். அப்போதே மின்சோதனைத் தாள், கருவிகளின் உத்தரவாத அட்டைகள், பயன்படுத்திய வண்ணத்தின் பெயரும் எண்ணும், மீதமுள்ள டைல்ஸ், மாற்றங்களைக் குறித்த இறுதி வரைபடம் ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். பிடித்தத் தொகையை, புதுப்பித்த கூரையும் வெளிச்சுவரும் ஒரு முழு மழைக்காலத்தைக் கடந்த பின், ஒப்பந்தத்தில் எழுதிய நாளில் அவர் நினைவூட்டுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.