ஆபீசில் மைக்ரேன் வந்தால்: முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

வேலை நேரத்தில் மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி தொடங்கினால் நம்மில் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்போம். முதலில் அதை விட வேண்டும். மைக்ரேன் வரும்போது இரைப்பையின் வேகமும் குறைந்துவிடும். வலி முற்றிய பிறகு விழுங்கும் மாத்திரை மெதுவாகத்தான் உடம்பில் சேரும். கோலாலம்பூர் அலுவலகங்களில் இந்த வலியோடு மல்லாடுகிற, எங்கே தொடங்குவது என்று தெரியாத நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. இது மைக்ரேன்தானா என்று பாருங்கள்

பெரும்பாலும் தலையின் ஒரு பக்கம் விண் விண் என்று தெறிக்கும். படி ஏறினால் கூடும். குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. மருந்து போடாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். சிலருக்கு வலிக்கு முன்பே பார்வையில் கோணல்மாணலாக ஒரு கோடு மினுமினுக்கும். எக்செல் கட்டத்தில் இருக்கும் எண்ணில் பாதி தெரியும், மீதி தெரியாது. இதை ஆரா என்பார்கள். பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் வண்டி ஓட்டாதீர்கள், கிராப் பிடித்துப் போங்கள்.

திடீரென்று, இதுவரை வராத அளவுக்கு மண்டை பிளந்தாலோ, வாய் குழறினாலோ, ஒரு கை கால் சோர்ந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ மைக்ரேன் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 999-ஐ அழையுங்கள்.

2. காலண்டரில் குறியுங்கள்

வலி வந்த நாள், மணி, முந்தைய இரவுத் தூக்கம், தவறிய சாப்பாடு, பெண்களானால் மாதவிடாய் நாள். மாத்திரை போட்ட நாளுக்கு மட்டும் சிவப்பு வட்டம். இரண்டு மூன்று மாதத்தில் உங்களுக்கு எது ஆகவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். எல்ஆர்டி ரயில் நெரிசலுக்குப் பயந்து பசியாறாமல் கிளம்புவது ஒருவருக்கு. வேலை நாளில் காலையிலேயே கோப்பி-ஓ குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வரை குடிக்காமல் இருப்பது இன்னொருவருக்கு. காப்பியைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. மேசையைத் திருத்துங்கள்

திரையை ஜன்னலுக்கு எதிராகவோ முதுகுப்பக்கமாகவோ வைக்காதீர்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், திரையின் வெளிச்சத்தை அறையின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி குறையுங்கள். தலைக்கு மேலே டியூப்லைட் மினுக்கினால் மாற்றச் சொல்லுங்கள். ஏர்கோன் காற்று நேராக முகத்தில் அடித்தால் இடம் மாற்றிக் கேளுங்கள்.

வாசனையையும் கவனியுங்கள். பக்கத்து மேசை அக்கா பாசத்தோடு கோடாலித் தைலத்தை நெற்றியில் தேய்க்க வருவார். சிலருக்கு அது இதமாக இருக்கும், வேறு சிலருக்கோ அந்த நெடியே குமட்டலைக் கிளப்பும். வலி இல்லாத நாளிலேயே அவரிடம் சொல்லி வையுங்கள்: "அக்கா, எனக்கு மைக்ரேன் வந்தா தைலம் வேணாம், லைட்டை மட்டும் அணைச்சு விடுங்க."

4. முதல் அரை மணி நேரம்

டிராயரில் ஒரு சின்னப் பை இருக்கட்டும்: மருத்துவர் சொன்ன மாத்திரை, தண்ணீர், பிஸ்கட், கண்ணை மூடும் துணி, வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் பை. வலி தொடங்கியதும் மாத்திரையைப் போடுங்கள். இபுபுரோஃபன் என்றால் வெறும் வயிற்றில் வேண்டாம். காய்ச்சலும் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். நம் ஊரில் அது டெங்கியாக இருக்கலாம், ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. அப்புறம் காலியான மீட்டிங் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, நெற்றியில் ஈரத்துணியோடு கண்ணை மூடி இருங்கள்.

சீக்கிரம் போடுங்கள் என்றேன், அடிக்கடி போடுங்கள் என்று சொல்லவில்லை. பாராசிட்டமால், இபுபுரோஃபன் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே தரும் டிரிப்டான் வகை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, சில மாதங்கள் தொடர்ந்து போட்டால் மருந்தே தலைவலியைக் கொண்டுவரும். சிவப்பு வட்டம் எதற்கு என்றால் இதற்குத்தான்.

5. மேலாளரிடம் சொல்லுங்கள்

"தலைவலி" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது. இப்படிச் சொல்லுங்கள்: "எனக்கு மைக்ரேன் தொடங்குது. மருந்து போட்டுட்டேன். ஒரு மணி நேரம் இருட்டறையில இருந்தா மத்தியான மீட்டிங்குக்கு வந்துடுவேன்." என்ன ஆகிறது, என்ன வேண்டும், எப்போது திரும்புவீர்கள், மூன்றும் அதில் இருக்கின்றன.

முடியவில்லை என்றால் கிளினிக் போய் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எடுங்கள், கூச்சம் வேண்டாம். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. 2023 முதல், வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

6. காலண்டரோடு மருத்துவரிடம் போங்கள்

மாதத்தில் நாலைந்து நாள் வலி வந்தால் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்றவை தினமும் சாப்பிடுபவை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும், பாதியில் விடாதீர்கள். இதய நோயோ பக்கவாதமோ இருந்தவர்கள் அதைச் சொல்லாமல் டிரிப்டான் வாங்கக் கூடாது. ஆரா வரும் பெண்கள் கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். மருத்துவர் வேறு வகைக்கு மாற்றித் தருவார்.