உங்கள் உடல்வாகுக்கு எத்தனை கிலோ சரி? வீட்டிலேயே அளந்து அறியும் முறை

என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே உயரம். சுவரோடு நிறுத்தி அளந்தால் இருவருக்கும் 170 சென்டிமீட்டர் வரும். அப்பா 62 கிலோ, சித்தப்பா 69 கிலோ. உறவினர் யாரைக் கேட்டாலும் அப்பா உடம்பை அளவாக வைத்திருக்கிறார் என்றும், சித்தப்பாதான் சற்று இளைக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். ஆனால் சர்க்கரை நோய் வந்தது அப்பாவுக்கு. பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு எங்கடா உடம்பு இருக்கு, எலும்பும் தோலுமாத்தான இருக்கேன்" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றுக்கொண்ட அளவீட்டு முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எடை மெஷின், தையற்காரர் பயன்படுத்தும் இஞ்ச் டேப், கைப்பேசியில் உள்ள கால்குலேட்டர் ஆகிய மூன்றும் இருந்தால் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

இந்தக் கணக்கு 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே பொருந்தும். வளரும் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபடத்தைக் குழந்தைநல மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீரகம் அல்லது இதயக் கோளாறால் உடலில் நீர் கோத்திருப்பவர்களுக்கும் இதிலுள்ள எண்கள் தவறான பொருளையே தரும்.

முதல் படி: உயரம்

செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நின்று, பார்வையை நேராக வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் ஒரு தடித்த புத்தகத்தைத் தலைமேல் மட்டமாக வைத்துச் சுவரில் பென்சிலால் கோடிடட்டும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை சென்டிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

சென்டிமீட்டரில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐந்து அடி ஏழு அங்குலத்தை நாம் பேச்சுவழக்கில் "5.7" என்கிறோம், அதை அப்படியே கால்குலேட்டரில் தட்டி 30.48-ஆல் பெருக்கினால் 173.7 என்று வரும், உண்மையான உயரமோ 170 சென்டிமீட்டர்தான். இந்த ஒரு பிழையால் சித்தப்பாவின் பி.எம்.ஐ. (எடை உயரத்துக்கு ஏற்றதா என்று காட்டும் எண், மூன்றாம் படியில் கணக்கிடுவோம்) ஒரு முழுப் புள்ளி குறைந்து, எல்லைக்கு வெளியே இருந்தவர் உள்ளே வந்துவிட்டார். நான் முதன்முதலில் கணக்கிட்டபோது செய்த தவறு இதுவே.

இரண்டாம் படி: எடை

காலையில் எழுந்து, கழிவறை சென்று வந்தபின், எதையும் சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். மெஷினைப் பாயின் மீதோ கால்மிதியின் மீதோ வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள். ஒரே நாளுக்குள் உணவாலும் நீராலும் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது இயல்பு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெண்களுக்கு நீர் தேங்குவதால் எடை சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஆகவே, அடுத்தடுத்து மூன்று நாட்கள் பார்த்துச் சராசரியை எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: பி.எம்.ஐ. கணக்கு

உயரத்தை மீட்டருக்கு மாற்றிக்கொண்டு, எடையை அதனால் ஒருமுறை வகுத்து, வந்த விடையை மீண்டும் அதே எண்ணால் வகுக்க வேண்டும். அப்பாவுக்கு 62-ஐ 1.70-ஆல் வகுத்தால் 36.47, மறுபடியும் 1.70-ஆல் வகுத்தால் 21.5. சித்தப்பாவுக்கு இதே வழியில் 23.9.

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அட்டவணைப்படி 18.5 முதல் 24.9 வரை இயல்பான எடை. ஆனால் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 23-ஐத் தொட்டாலே நமக்கு அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். அதனால் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டிய மேல் எல்லை 22.9. உயரத்தில் நூறைக் கழித்தால் சரியான எடை கிடைக்கும் என்று பலரும் சொல்லும் கணக்கு, 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 70 கிலோ என்று விடை தரும், அதன் பி.எம்.ஐ. 24.2 என்பதால், அந்தக் கணக்கை நம்பியிருப்பவர் தன்னையறியாமலேயே எல்லையைத் தாண்டியிருப்பார்.

நமக்கு மட்டும் ஏன் எல்லை குறைவு? இதற்கு நான் கண்ட மிகத் தெளிவான விளக்கம் 2004-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரே பக்கத்தில் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற இரு ஆய்வாளர்கள் அருகருகே நின்று படமெடுத்துக்கொண்டார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. ஆனால் யுட்கின் உடலில் இருந்த கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலிலோ 21.2 சதவீதம். எடை மெஷினுக்கு இந்த வேறுபாடு தெரியாது. தசை குறைந்தும் கொழுப்பு கூடியும் இருக்கும் உடல் நம்மில் பலருக்கு வாய்த்திருக்கிறது. அப்பா தன் உடம்பை எலும்பும் தோலும் என்றாரே, அவர் கண்ணுக்குத் தெரியாமல் போன மூன்றாவது பொருள் இந்தக் கொழுப்புதான்.

நான்காம் படி: மணிக்கட்டு

உடல்வாகு என்பதைப் பலர் பலவிதமாகப் பிரிக்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்லப்படும் எக்டோமார்ஃப், மீசோமார்ஃப், எண்டோமார்ஃப் என்ற மூன்று வகைகள், 1940-களில் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் உடலமைப்பிலிருந்து மனிதரின் குணத்தைக் கணிக்க முயன்றபோது வகுத்தவை. குணத்தைப் பற்றிய அந்தக் கணிப்பை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை, எடையைத் தீர்மானிக்கவும் அந்தப் பெயர்கள் உதவா. நமக்குத் தேவை எலும்புக்கூட்டின் பருமன் மட்டுமே. அதை அறிய எளிய இடம், சதையும் கொழுப்பும் மிகக் குறைவாக உள்ள மணிக்கட்டு.

வளையல், கயிறு, கைக்கடிகாரம் அனைத்தையும் கழற்றிவிட்டு, மணிக்கட்டின் வெளிப்புறம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முண்டுக்கும் உள்ளங்கைக்கும் இடையே, கை மடங்கும் இடத்தில், வலக்கையைச் சுற்றி அளவெடுங்கள். பிறகு உயரத்தை அந்த அளவால் வகுங்கள். ஆண்களுக்கு விடை 10.4-க்கு மேல் இருந்தால் சிறுத்த எலும்பு, 9.6-க்கும் 10.4-க்கும் இடையே இருந்தால் நடுத்தரம், 9.6-க்குக் கீழே இருந்தால் பருத்த எலும்பு. பெண்களுக்கு இந்த எல்லைகள் முறையே 11-க்கு மேல், 10.1 முதல் 11 வரை, 10.1-க்குக் கீழ். அப்பாவின் மணிக்கட்டு 16 சென்டிமீட்டர், ஆகவே 10.6, சித்தப்பாவுக்கு 18 சென்டிமீட்டர், ஆகவே 9.4. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருந்தும், ஒருவர் சிறுத்த எலும்புக்காரர், மற்றவர் பருத்த எலும்புக்காரர்.

இந்த எல்லைகள் மேலைநாட்டுப் பாடநூல்களிலிருந்து வந்தவை என்பதால் இதைத் தோராயமான வழிகாட்டியாக மட்டுமே கொள்ளுங்கள். "எனக்குக் கனமான எலும்பு, அதனால்தான் எடை" என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எலும்பின் பருமன் சில கிலோ வேறுபாட்டை விளக்கலாம், இருபது கிலோவை விளக்காது.

ஐந்தாம் படி: இடுப்பு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

விலாவின் பக்கவாட்டில் விரலால் அழுத்தித் தடவி, கடைசி எலும்பு முடியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அதற்கு நேர் கீழே இடுப்பெலும்பின் மேல்விளிம்பு கையில் தட்டுப்படும். அங்கே இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில்தான் டேப் சுற்ற வேண்டும். கால்களைச் சற்று அகட்டி நின்று, கைகளைத் தளரவிட்டு, இயல்பாக மூச்சை வெளியே விட்ட கணத்தில் அளவைப் படிக்க வேண்டும். டேப் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று முதுகுப்புறமும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் அது வழுக்கி இறங்கிவிடும்.

அப்பாவை அளந்தபோது இதில் உள்ள சிக்கல்கள் அத்தனையும் வந்தன. வேட்டி மடிப்பின் மேலேயே டேப்பைச் சுற்றச் சொன்னார். வேண்டாம் என்று தளர்த்தச் சொன்னேன். டேப் தோலில் பட்டதும் தன்னையறியாமல் வயிற்றை எக்கினார், 85 என்று காட்டியது. பேசவைத்து, அவர் மூச்சு விட்டபோது படித்தால் 91. பேண்ட் அளவு 34 அங்குலம்தானே, அது 86 சென்டிமீட்டர்தானே என்று வாதிட்டார். அவர் பேண்டை அணிவது தொப்பைக்குக் கீழே. அங்கே 34 இருப்பதற்கும் தொப்பைக்கும் தொடர்பில்லை. பெண்களும் பாவாடை நாடா பதிந்த தடத்தின் மேல் அளக்காமல், புள்ளி வைத்த நடு இடத்திலேயே அளக்க வேண்டும். இரண்டு முறை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மூன்றாம் முறையும் அளங்கள்.

இந்தியர்களுக்கான எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இதைவிட எளிதாக நினைவில் நிற்கும் இன்னொரு கணக்கும் உண்டு: இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 170 உயரத்துக்கு 85. சித்தப்பாவுக்கு 83, அப்பாவுக்கு 91. இன்றும் வயலில் இறங்கி வேலை செய்யும் சித்தப்பாவின் 69 கிலோவில் பெரும்பங்கு தோளிலும் தொடையிலும் தசையாக இருக்கிறது. முப்பது ஆண்டுகள் மேசைக்குப் பின்னால் அமர்ந்து கணக்கெழுதிய அப்பாவின் கைகால்கள் மெலிந்து, வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. தோலுக்கடியில் கையால் பிடிக்க முடிகிற கொழுப்பைவிட, வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சூழ்ந்து படியும் கொழுப்பே இன்சுலின் சரியாக வேலை செய்ய விடாமல் தடுத்துச் சர்க்கரை நோய்க்கு வழி செய்கிறது.

ஆறாம் படி: உங்களுக்கான எடையைக் குறித்தல்

மீட்டரில் உள்ள உயரத்தை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 18.5-ஆலும் 22.9-ஆலும் தனித்தனியே பெருக்குங்கள். 1.70 மீட்டருக்கு 53.5 கிலோ முதல் 66.2 கிலோ வரை என்று வரும். இந்த வரம்பை மூன்றாகப் பிரித்து, சிறுத்த எலும்பானால் கீழ்ப்பகுதியையும், நடுத்தரமானால் நடுப்பகுதியையும், பருத்த எலும்பானால் மேல்பகுதியையும் உங்களுடையதாகக் கொள்ளலாம். இந்தப் பங்கீடு மருத்துவ விதியன்று. நடைமுறைக்கு உதவும் என்று நான் கருதும் வழி. அப்பாவுக்கு 54 முதல் 58 கிலோ என்று வந்தது. வெறும் பி.எம்.ஐ.யைப் பார்த்தால் குறை சொல்ல முடியாத 62 கிலோ, அவருடைய உடல்வாகுக்குக் கூடுதல். சித்தப்பாவுக்கு 62 முதல் 66 வரை. அவர் மூன்று கிலோ மேலே இருந்தாலும் இடுப்பளவு எல்லைக்குள் இருப்பதால், ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு இப்படியே இருக்கலாம் என்று மருத்துவர் கூறினார். எடையும் இடுப்பும் வெவ்வேறு பதில் சொன்னால், இடுப்பு சொல்வதையே முதலில் கேளுங்கள்.

குறைக்க வேண்டியவர்கள் வரம்பின் அடிப்பகுதியை உடனே எட்ட முயல வேண்டாம். இப்போதைய எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் பலன் தெரியத் தொடங்கும். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைய வேண்டிய அவசரமும் இல்லை. பட்டினி கிடந்து இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும், அப்பா போன்றவர்களிடம் ஏற்கெனவே குறைவாக இருப்பது அதுதான். அதனால் நடையோடு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது போன்ற தசைப் பயிற்சியும், தட்டில் சோற்றைக் குறைத்துச் சுண்டல், பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டுவதும் தேவை. வயது முதிர்ந்தவர்கள் கெண்டைக்கால் சதையின் பருத்த பகுதியையும் அளந்து பாருங்கள்; ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால், எடை குறைக்கும் பேச்சை நிறுத்திவிட்டுத் தசை இழப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எந்த முயற்சியும் இல்லாமல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ உள்ளவருக்கு மூன்று கிலோ, தானாகக் குறைந்தால் அதற்காக மகிழாமல் மருத்துவரைப் பாருங்கள்.

எடையை வாரம் ஒருமுறையும் இடுப்பை மாதம் ஒருமுறையும் அளந்து, தேதியோடு ஓரிடத்தில் எழுதி வாருங்கள். அப்பா தினசரி நாட்காட்டியின் பின்னட்டையில் பென்சிலால் எழுதுகிறார். முதல் வரியில் 91 இருக்கிறது. கடைசி வரியில் 86. இப்போது டேப்பைச் சுற்றும்போது அவர் வயிற்றை எக்குவதில்லை.