உடைந்த பீங்கானுக்குத் தங்கக் கோடு: எந்த வழியில் ஒட்டலாம்?

அப்பத்தா வைத்திருந்த ஊறுகாய் ஜாடி உடைந்தால் தூக்கிப்போட மனசு வராது. உடைந்த கோட்டை மறைக்காமல் தங்கமாகக் காட்டி ஒட்டும் ஜப்பானிய முறைதான் கின்ட்சுகி. ஒட்டிய பிறகு அதில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், வழி தானாகத் தெரியும்.

அலங்காரத்துக்கு மட்டும் என்றால் எபாக்ஸி (இரண்டு ட்யூபாக வரும் பசை) போதும். இரண்டு ட்யூபையும் பாக்கெட்டில் சொன்ன அளவில் கலந்து, தங்க நிற மைக்கா பொடியைச் சேர்த்து ஒட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை மட்டும் வேண்டாம், மதுரைச் சித்திரை வெயிலில் துண்டைப் பொருத்திப் பார்ப்பதற்குள் இறுகிவிடும். அப்புறம், அதில் காபியோ ஊறுகாயோ கூடவே கூடாது.

சாப்பிடுகிற கிண்ணம் என்றால் உருஷிதான் சரி. இது ஒரு மரத்தின் பால். கோதுமை மாவோடு குழைத்து ஒட்டி, இறுகியதும் இடைவெளியை நிரப்பித் தேய்த்து, மேலே மெல்லிய உருஷிக் கோடு இழுத்து, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே அசல் தங்கப் பொடியைத் தூவ வேண்டும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். உருஷி மரம் நம் ஊர் சேராங்கொட்டையின் குடும்பம், அதன் பால் பச்சையாகத் தோலில் பட்டால் தடித்து அரிக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வெயிலில் வைத்தால் இறுகாது, அதற்கு ஈரப்பதம் வேண்டும்: மூடிய பெட்டிக்குள் ஈரத்துணி போட்டு, பாத்திரத்தில் படாமல் வையுங்கள். முழுசாக இறுகிய பிறகும் மைக்ரோவேவில் வைக்காதீர்கள்.

மானாமதுரை மண்பானை என்றால் அது நீரை உறிஞ்சும், ஒட்டினாலும் காட்சிக்கு மட்டும்.