டான்ஸ் கிளாஸ் தொடங்கப் போகிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்

திருச்சி தில்லைநகர்ப் பக்கம் 14 வருஷமாகப் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். 6 பிள்ளைகளோடு ஆரம்பித்தது, இப்போது 60 பேர். புதிதாக வகுப்பு தொடங்குகிற பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எப்படிக்கா விளம்பரம் பண்ணினீங்க?" நான் திருப்பிக் கேட்பது, "தரை என்ன தரைம்மா?"

என் முதல் வகுப்பு ஒரு வீட்டு மாடியில். வாடகை குறைச்சல், நல்ல காற்று. கைக்காசு போட்டு வெள்ளையடித்து, சுவர் நீளத்துக்குக் கண்ணாடி பதித்தேன். விஜயதசமிச் சேர்க்கையில் 22 பேர் ஆனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த 22 பேரும் சேர்ந்து மூன்றாம் காலத்தில், அதாவது முழு வேகத்தில், தட்டடவு (காலைத் தரையில் தட்டிப் பழகும் முதல் அடவு, அதாவது அடிப்படை அசைவு) தட்டினால் கீழ்வீடு என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. ஒரு நாள் கீழ்வீட்டுப் பெரியவர் ஏறி வந்தார். கோபப்படாமல், "ஒரு நிமிஷம் வந்து பாருங்கம்மா" என்று கூட்டிப் போனார். மேலே பிள்ளைகள் "தெய்யா தெய்" போட, அவர் சமையலறை ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டெல்லாம் கூடவே தாளம் போட்டது. முருகன் படம் ஆணியில் கோணிக்கொண்டு நின்றது. அடுத்த மாதமே காலி செய்தேன். கழற்றும்போது கண்ணாடியில் பாதி உடைந்தது தனிக் கதை.

அதனால் தரைத்தளம்தான் பாருங்கள். வழவழ டைல்ஸ் போட்ட ஹால் பார்க்க அழகாக இருக்கும், வியர்வைக் காலோடு வழுக்கும். தினமும் அதன் மேல் தட்டினால் குதிகாலும் முட்டியும் போய்விடும். பிள்ளைகளுக்கு முன்னால் உங்களுக்குப் போகும், ஏனென்றால் நாலு பேட்ச்சுக்கும் ஆடிக் காட்டுவது நீங்கள்தான். பழைய வீட்டுக் காவித் தரை கிடைத்தால் பரவாயில்லை. நான் இப்போதுள்ள இடத்தில் அடியில் ரப்பர் பட்டை, அதன்மேல் மரச்சட்டம், அதற்கும் மேல் 18 மி.மீ. பிளைவுட் போட்டிருக்கிறேன். திருகாணியெல்லாம் மரத்துக்குள் புதைந்திருக்க வேண்டும் என்று ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள், வெறுங்காலில் ஆடுகிற இடம். காலி செய்தால் சட்டத்தோடு கழற்றி எடுத்துப் போகலாம். கண்ணாடியையும் இப்போது சக்கரம் வைத்த சட்டத்தில்தான் நிறுத்தியிருக்கிறேன்.

அப்புறம் பணம். 60 பேர், ஆளுக்கு 800 என்றால் மாதம் 48,000 என்று பேப்பரில் வரும். கைக்கு வருவது 40,000 சொச்சம். அதிலிருந்து வாடகை 13,000, உதவிக்கு வைத்திருக்கும் பெண்ணுக்கு 9,000, கரண்ட், தண்ணீர், கூட்டிப் பெருக்கும் அக்கா எல்லாமாக 4,000. ஏப்ரல், மே வந்தால் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்காரர் ஊருக்குப் போகமாட்டார். ஆகவே 12 மாதச் செலவை 10 மாத வரவுக்குள் அடக்கிக் கணக்குப் போடுங்கள். அந்த இரண்டு மாதத்தில் 15 நாள் கோடை வகுப்பு வைத்து, கும்மியும் கோலாட்டமும் சொல்லிக்கொடுத்துக் கடைசி நாள் பெற்றோர் முன்னால் ஆட விடுகிறேன். 25 பேர் வந்தால் ஏழெட்டுப் பேர் ஜூனிலும் தொடர்வார்கள்.

ஃபீஸ் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கலையைக் காசுக்கு விற்பதா என்று எனக்கும் ஆரம்பத்தில் இருந்தது. அந்தக் கூச்சத்தில் முதல் வருஷம் விட்ட பாக்கியில் ஒரு ஜோடி நட்டுவாங்கத் தாளமே (ஆட்டத்துக்குச் சொற்கட்டு சொல்லிக்கொண்டே குரு தட்டும் கைத்தாளம்) வாங்கியிருக்கலாம். "இந்த மாசம் ரெண்டு கிளாஸ்தானே டீச்சர் வந்தா, பாதி குடுத்தா போதும்ல?" என்று கட்டாயம் ஒரு அம்மா கேட்பார். கட்டணம் வகுப்பில் பிள்ளைக்கு வைத்திருக்கும் இடத்துக்குத்தான், வந்த நாளுக்கு இல்லை, 5ஆம் தேதிக்குள் தரவேண்டும் என்று சேர்க்கைப் படிவத்திலேயே அச்சடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பாக்கியை வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காதீர்கள், தனியாக அனுப்புங்கள். பிள்ளையிடம் ஒருபோதும் கேட்கக் கூடாது. அது வகுப்பில் எல்லார் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும்.

சேர்ப்பது சுலபம். விஜயதசமியன்று தட்டில் வெற்றிலை பாக்கு தட்சணையோடு வரிசையில் நிற்பார்கள். இருக்க வைப்பதுதான் தொழில். பிள்ளை ஏதோ சினிமாப் பாட்டைப் பார்த்து ஆசைப்பட்டு வந்திருக்கும். இங்கே வந்தால் முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கிற அரைமண்டி, தொடை வலி, மறுபடி அரைமண்டி. மூன்றாவது மாதம் அம்மா கேட்பார், "பாட்டுக்கு எப்ப டீச்சர் ஆடுவா?" அடவை அவசரப்படுத்த மாட்டேன், அதில் எனக்குச் சமரசம் கிடையாது. ஆனால் நாலாவது மாதம் தெரிந்த நாட்டடவை (காலை நீட்டி ஆடும் அடவு) மட்டும் வைத்து இரண்டு நிமிஷத்தில் ஒரு பிள்ளையார் ஸ்லோகம் கோத்துக் கொடுப்பேன். நவராத்திரியில் தெருக்கோயில் கொலுவில் அதை ஆடுவார்கள். பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்து போனில் படம் பிடிப்பார். அந்தப் படம் குடும்பம் முழுக்கச் சுற்றுவதைவிடப் பெரிய விளம்பரத்தை நான் இதுவரை கண்டதில்லை. வீடியோவை நீங்கள் இணையத்தில் போடுவதானால் மட்டும் ஒவ்வொரு பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் தேறிய பிள்ளைகளுக்கு எட்டிப் பிடிக்க ஏதாவது வேண்டும். மத்திய அரசின் கலாசாரப் பயிற்சி மையமான சிசிஆர்டி தரும் உதவித்தொகைக்கு 10 முதல் 14 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம், அந்த வயது தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. சிதம்பரத்தில் 1981இலிருந்து மகாசிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி என்ற நடன விழா நடக்கிறது. வாய்ப்புக்குப் பல மாதம் முன்பே எழுத வேண்டும். நாங்கள் போன வருஷம் வேனில் போன 18 பேரில் ஒருத்திகூட இன்றுவரை வகுப்பை விட்டு நிற்கவில்லை.

அரங்கேற்றத்தில் மட்டும் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், மண்டபம், மேக்கப், உடை, நகை, பத்திரிகை, சாப்பாடு என்று லட்சக் கணக்கில் போகும். ஒவ்வொன்றுக்கும் தொகை எழுதிப் பெற்றோரிடம் ஆறு மாதம் முன்பே கொடுத்து, பக்கவாத்தியக்காரர்களுக்கு அவர்கள் கையாலேயே கொடுக்கச் சொல்கிறேன். எனக்கு என்ன என்பதும் அதே தாளில் ஒரு வரியாக இருக்கும். குருதட்சணை என்று சொல்லிப் பட்டுப்புடவையும் தங்கமும் ஜாடையாகக் கேட்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது.

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், காசு கேட்கிறவரிடம் போகாதீர்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவுக்கு அவசரமில்லை. ஆண்டு விழாவில் ஒலிப்பதிவுப் பாட்டு போடுவதானால் உரிமம் பற்றி மண்டபத்தில் முன்பே விசாரியுங்கள்.

பத்தாம் வகுப்பு வந்தால் பிள்ளை நிற்கும். அழுது புண்ணியமில்லை, டியூஷனோடு நாம் மல்லுக்கட்ட முடியாது. "பரீட்சை முடிச்சுட்டு வா, உன் சலங்கை இங்கேயே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லி, பெயர் எழுதிய துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்துக்கொள்வேன். திரும்பி வருகிறவர்களிடம் சேர்க்கைக் கட்டணம் வாங்குவதில்லை. போன ஜூனில் மூன்று பேர் வந்து பையைத் தேடி எடுத்தார்கள். ஒருத்திக்குக் கால் பருத்து வார் எட்டவில்லை, இன்னொரு துளை போட்டுக் கொடுத்தேன்.