கெல்ட் மக்களின் வரைபடத்தில் அம்புக்குறி போடும் முன்

கெல்டிக் மொழிகள் பேசிய பண்டைய ஐரோப்பிய மக்களான கெல்ட் இனக்குழுக்களைப் பற்றிப் புதிதாக எழுத வருபவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது அதே தவறுகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ஆண்டுக் குழப்பம், பெயர்க் குழப்பம் எல்லாம் ஒரு முறை சரிபார்த்தால் போய்விடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொருள் போன இடமெல்லாம் மக்களும் போனதாக எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். வரைபடத்தில், கெல்டுகளின் தாயகமாகச் சொல்லப்படும் அகழாய்வு இடமான ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் ஒரு வட்டம். அங்கிருந்து ஸ்பெயின், இத்தாலி, அயர்லாந்து என்று அம்புக்குறிகள். ஒரு மாணவர் இந்தப் படத்தை நம்பியே ஆய்வேட்டின் பெரும்பகுதியை எழுதிவிட்டார். வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வி: "உங்கள் கெல்டுகள் ஆல்ப்ஸைக் கடப்பது கி.மு. 400 வாக்கில். வட இத்தாலியின் லெபோன்டிக் கல்வெட்டுகளில் மிகப் பழையவை கி.மு. 6ஆம் நூற்றாண்டு. அந்தக் கெல்டிக் மொழியை அப்போது அங்கே பேசியது யார்?" பாவம், அத்தனையையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

ஸ்பெயினின் போத்தோர்ரீட்டா வெண்கலத் தகட்டில் அங்கே பேசப்பட்ட பழைய கெல்டிக் மொழியான கெல்டிபேரியம் நீளமாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. கெல்டுகளின் அடையாளமாகக் கருதப்படும் இரும்புக் கால லா டேன் கலைப் பாணிப் பொருள்களோ அந்த நாட்டில் குறைவு. தென் அயர்லாந்திலும் அப்படித்தான். 1891இல் டென்மார்க்கில் கிடைத்த குண்டெஸ்ட்ரப் வெள்ளிக் கொப்பரையில் இருக்கும் கொம்புக் கடவுளும் போர் ஊதுகொம்பும் கெல்டிக். வெள்ளி வேலைப்பாடோ தென்கிழக்கு ஐரோப்பாவின் திரேசியப் பாணி. அதை வைத்து டென்மார்க்குக்கு ஓர் அம்பு போட முடியுமா? வணிகம், சீர்வரிசை, கொள்ளை என்று பொருள் பல வழிகளில் ஊர் மாறும். பொருளுக்கும் மொழிக்கும் மக்களுக்கும் தனித்தனிச் சான்று கேளுங்கள்.

இன்றைய துருக்கியில் குடியேறிய கெல்டுகளான கலாத்தியர்களுக்கு மட்டும் தைரியமாக அம்பு போடலாம். கி.மு. 278 வாக்கில் வடமேற்குத் துருக்கியிலிருந்த பித்தினிய நாட்டு மன்னர் முதலாம் நிகோமெடிஸ் தன் தம்பியை எதிர்க்க அவர்களைக் கூலிப்படையாக அழைத்தார். அப்புறம் அவர்கள் இன்றைய அங்காராவைச் சுற்றிக் குடியேறினார்கள். மூன்று குழுக்களின் பெயர்கள்கூடப் பழைய நூல்களில் இருக்கின்றன. இந்த அளவுக்குச் சான்று வேண்டும்.

சீசரின் எண்ணிக்கை

கி.மு. 58இல், இன்றைய சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கெல்டிக் குழுவான ஹெல்வெட்டியரும் கூட்டாளிகளுமாகக் கிளம்பியவர்கள் 3,68,000 பேர், திரும்பியவர்கள் 1,10,000 பேர் என்கிறார் அவர்களோடு போரிட்ட ரோமானியத் தளபதி சீசர். போரில் வென்றவர் தரும் கணக்கு இது. "சீசர் கூறுவதன்படி" என்று சேர்க்காமல் எழுதாதீர்கள்.

ஸ்டோன்ஹெஞ்ச்

கெல்டுகள் கட்டியதல்ல. அவர்களுக்கு வெகுகாலம் முந்தையது.

கெல்டுகள் பிரிட்டனுக்கு வந்த ஆண்டு

அப்படி ஓர் ஆண்டு இல்லை.